பாஸ்ராவுக்குப் பதிலாக என்ன போடலாம்: வன்னிச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

மாச்சத்துக் குறைந்த பாஸ்ரா என்று கொழும்புப் பெரிய கடைகளில் சில பொதிகள் விற்கின்றன. சோயா, கடலை, கோதுமைப் புரதம், கொன்யாக் கிழங்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளில் செய்தது. எல்லாம் இறக்குமதி, விலையும் அப்படித்தான். அவற்றைத் தேடிக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஏறவேண்டாம். வளவில் நிற்கும் பப்பாசி, சந்தைக் கோவா, புடலங்காய், கோழிமுட்டை, வெள்ளை உழுந்து ஆகிய ஐந்தும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ருசி கோதுமைப் பாஸ்ரா மாதிரியே இருக்குமா என்றால் இருக்காது. ஆனால் குழம்பைச் சரியாக வைத்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

முதலில் கணக்கு

சமைக்காத பாஸ்ரா 100 கிராமில் ஏறத்தாழ 75 கிராம் காபோவைதரேற்று இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு 80 கிராம் போட்டால் தட்டில் 60 கிராம் வரும். எங்கள் வீடுகளில் அள்ளிப் போடும் அளவு பெரும்பாலும் அதைவிடக் கூட. அதே அளவு எடையுள்ள புடலங்காயிலோ சுரைக்காயிலோ 3 கிராம் அளவுதான். கோவாவில் 100 கிராமுக்கு 6 கிராம். பப்பாசிக்காயில் அதைவிடச் சற்றுக் கூட இருந்தாலும், பழுக்காதவரை 10 கிராமுக்குள் நிற்கும். முட்டை ஒன்றில் ஒரு கிராம்கூட இல்லை.

இந்த இடத்தில் பலர் வழி தவறுகிறார்கள். சீனி வருத்தம் என்றதும் குரக்கன் இடியப்பம், சிவப்பரிசிமா நூடில்ஸ், ஆட்டாமா மக்றோனி என்று மாறிவிட்டு, மாச்சத்தைக் குறைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். குரக்கன் மா 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் காபோவைதரேற்றுத்தான். சிவப்பரிசி மாவும் அந்த வரிசைதான். ஒடியல் மாவும் மாச்சத்து மாதான். இவற்றில் நார்ச்சத்தும் தாதுப்பொருளும் வெள்ளை மாவைவிடக் கூட என்பது உண்மை. அதற்காகச் சாப்பிடுவது நல்லது. ஆனால் மாச்சத்துக் குறைந்தது என்ற பெயர் இவற்றுக்குப் பொருந்தாது. கோதுமைப்பசை இல்லாதது என்று எழுதி விற்கும் பாஸ்ராவும் இப்படித்தான். அது அரிசியிலோ சோளத்திலோ செய்தது, மாச்சத்து அப்படியே இருக்கும்.

பொதியில் சீனி, உப்பு, கொழுப்புக்குப் போட்டிருக்கும் நிற வட்டங்களையும் இதற்கு நம்ப முடியாது. பாஸ்ராவில் சீனி மிகக் குறைவானபடியால் பச்சை வட்டம் வரும், மாச்சத்தைப் பற்றி அந்த வட்டம் எதுவும் சொல்லாது. பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு என்ற நிரலைப் பாருங்கள். அமெரிக்கப் பொதியானால் காபோவைதரேற்றுக்குள் நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும், அதைக் கழிக்கலாம். பிரித்தானிய, ஐரோப்பியப் பொதிகளில் முன்னமே கழித்துத்தான் போடுவார்கள். இரண்டாம் தரம் கழித்தால் கணக்குப் பிழைக்கும்.

பாஸ்ராவுக்கும் நியாயம் பேசவேண்டும். கெட்டியாக அவித்த பாஸ்ரா, வெள்ளைப் பாணைவிட மெதுவாகத்தான் இரத்தச் சீனியை ஏற்றும். கோதுமைப் புரதம் வலைபோல நின்று மாச்சத்தைப் பிடித்துவைத்திருப்பதே காரணம். குழைய அவித்தால் அந்த வலை தளர்ந்துவிடும். ஆகவே பாஸ்ராவை முற்றாக விட மனமில்லாதவர் 40 கிராம் மட்டும் எடுத்து, பொதியில் சொன்னதைவிட ஒரு நிமிடம் குறைவாக அவித்து, 150 கிராம் வதக்கிய கோவாவோடு கலந்து சாப்பிடலாம். வீட்டில் ஐந்தாறு பேர் இருந்து ஒருவருக்கு மட்டும் சீனி வருத்தம் என்றால் இந்தப் பாதி வழிதான் நீடிக்கும். ஒரே அடுப்பில் இரண்டு சமையல் எத்தனை நாளைக்கு நடக்கும்?

யார் கேட்டுச் செய்யவேண்டும்

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், தொல்பியூட்டமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் மாச்சத்தைச் சட்டென்று வெட்டினால் இரத்தச் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று வரும். கிளினிக்கில் சொல்லி, மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்குப் புரதத்திலும் பொற்றாசியத்திலும் கட்டுப்பாடு இருக்கும். வவுனியாப் பக்கத்தில் அப்படி ஆட்கள் குறைவில்லை. அவர்கள் முட்டையையும் உழுந்தையும் கூட்டமுன் வைத்தியரிடம் கேட்கவேண்டும். கர்ப்பிணிகள் பப்பாசிக்காயை விட்டுக் கோவாவையோ புடலங்காயையோ எடுக்கட்டும். வளரும் பிள்ளைகளுக்கு இந்த உணவைத் திணிக்கத் தேவையே இல்லை.

கோவா: முதல் நாள் இதுதான்

புதிதாகத் தொடங்குகிறவர் கோவாவில் கை வையுங்கள், பிழைக்க இடம் குறைவு. இருவருக்கு 400 கிராம். நடுத்தண்டை வெட்டி எறிந்துவிட்டு, இலையை அரை சென்ரிமீற்றர் அகலத்தில் நீள நீளமாக அரியுங்கள். சுண்டலுக்கு அரிவதுபோலப் பொடியாக அரிந்தால் கறியாகிவிடும். தாச்சியை நன்றாகக் காயவிட்டு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பெரிய நெருப்பில் 4 நிமிடம் பிரட்டுங்கள். மூடவேண்டாம். மூடினால் ஆவி தண்ணீராக விழுந்து கோவா அவிந்து மணக்கும். உப்பைக் கடைசியில் போடுங்கள். ஓரம் லேசாகச் சிவந்து, நடு கடிபடும் பதத்தில் இறக்கினால் சரி.

பப்பாசிக்காய்ப் பட்டை

நாடாப் பாஸ்ராவுக்கு மிகக் கிட்ட வருவது இது. கோவாவைவிட வேலை கூட, பலனும் கூட. காயைத் தெரிவதில்தான் பாதி வெற்றி. தோல் கரும்பச்சையாக இருக்கவேண்டும், நகத்தால் கீறினால் பால் கெட்டியாக வடியவேண்டும், வெட்டினால் உள்ளே வெள்ளையாகவும் விதையும் வெள்ளையாகவும் இருக்கவேண்டும். விதை கறுக்கத் தொடங்கி, சதையில் செம்மஞ்சள் ஓடினால் அது பழுக்கத் தொடங்கிவிட்டது. இனிக்கும், கொதிதண்ணீரில் கரையும். அதைப் பழுக்கவிட்டுவிடுங்கள். ஒரு கிலோக் காயில் தோலும் விதையும் போக 700 கிராம் அளவு சதை தேறும். ஒருவருக்கு 200 கிராம் பச்சைப் பட்டை கணக்கு.

1. தோலில் மேலிருந்து கீழாக நாலைந்து கீறல் போட்டு, 15 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். பால் வடிந்ததும் கழுவுங்கள். கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், சிலருக்குப் பால் பட்டால் கடிக்கும்.

2. தோலைச் சீவி, இரண்டாகப் பிளந்து, விதையோடு உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வையும் கரண்டியால் வழித்தெடுங்கள். சவ்வு மிஞ்சினால் கைக்கும்.

3. தோல் சீவும் கருவியையே நீளப்பாட்டில் இழுத்து, விரல் அகலப் பட்டைகளாகச் சீவுங்கள். மெல்லிய இழை வேண்டுமென்றால் ஐந்தாறு பட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கத்தியால் நீளமாக அரியுங்கள். காரட் துருவியில் துருவவேண்டாம். துருவல் குறுகிப்போய்க் கொதிதண்ணீரில் கூழாகும்.

4. 400 கிராம் பட்டைக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புப் பிசறி 20 நிமிடம் விடுங்கள். உப்பு காய்க்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். பிறகு ஒருமுறை அலசி, துணியில் கட்டிப் பிழியுங்கள். பிரஷர் உள்ளவருக்குச் சமைப்பதானால் உப்பை விட்டுவிட்டு ஆறாவது படியில் இரண்டு நிமிடம் கூட்டுங்கள்.

5. நிறையத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்துப் பட்டையைப் போடுங்கள். கருவியால் சீவிய மெல்லிய பட்டைக்கு ஒன்றரை முதல் 2 நிமிடம், கத்தியால் வெட்டிய 3 மில்லிமீற்றர்ப் பட்டைக்கு 3 முதல் 4 நிமிடம். ஒன்றை எடுத்து மடித்துப் பாருங்கள். முறிந்தால் போதாது, கிழிந்தால் கூடிவிட்டது, வளைந்து நின்றால் சரி.

6. வடித்து, துணி விரித்த சுளகில் 5 நிமிடம் பரப்பி ஆவி போகவிடுங்கள். பிறகு எண்ணெய் இல்லாத சூடான தாச்சியில் 2 நிமிடம் பிரட்டுங்கள். தாச்சியில் சீறும் சத்தம் அடங்கினால் ஈரம் போய்விட்டது.

நாலாம் படியையும் ஆறாம் படியையும் அவசரத்தில் விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு குழம்பு தண்ணியாய்ப்போச்சு என்று குறைசொல்வார்கள். கோதுமைப் பாஸ்ரா குழம்பின் தண்ணீரை உறிஞ்சும். மரக்கறி தன் தண்ணீரைக் குழம்புக்குள் விடும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

பப்பாசிப்பாலில் உள்ள பப்பாயின் என்ற நொதியம் இறைச்சி, இறால், மீன் எல்லாவற்றின் புரதத்தையும் உடைக்கும். இறைச்சி மெத்தென்று வேகட்டும் என்று ஒரு துண்டுப் பப்பாசிக்காய் போடுகிறோமே, அதே வேலைதான். பச்சைப் பட்டையோடு இறாலைப் போட்டுவைத்தால் இறால் மாவாகக் குழையும். பட்டையை முதலில் அவிப்பது இந்த நொதியத்தை அடக்கவும்தான். அப்படியிருந்தும் இறாலைத் தனியாகப் பொரித்துக் கடைசியில் சேர்ப்பதே பாதுகாப்பு.

புடலங்காயும் மற்றவையும்

இளம் புடலங்காயை இரண்டு சென்ரிமீற்றர்த் துண்டுகளாக வெட்டி, நடுவில் உள்ள பஞ்சையும் விதையையும் கரண்டிக்காம்பால் தள்ளிவிட்டால் குழாய் மக்றோனி தயார். நீத்துப்பெட்டியில் 4 நிமிடம் ஆவியில் வைத்தால் போதும், தண்ணீரில் போடத் தேவையில்லை. முற்றல் காய் சரிவராது, தோல் நார்நாராகப் பிரியும். சுரைக்காயிலும் பட்டை சீவலாம். ஆனால் தண்ணீர் மிக அதிகம், அவிக்காமல் உப்புப் பிசறிப் பிழிந்து வதக்கமட்டும் செய்யுங்கள். வெள்ளரிக்காய் வேண்டாம். காரட்டை நிறத்துக்குக் கொஞ்சம் சேர்க்கலாம். வாழைக்காய், மரவள்ளி, உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் வராது, மூன்றும் மாச்சத்துத்தான்.

முட்டைத் தாள்

மரக்கறியின் மணமே பிடிக்காதவர்களுக்கு இது. ஒருவருக்கு 3 முட்டை, 2 மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நுரை வராமல் முள்ளுக்கரண்டியால் கலக்கி, அரிதட்டில் வடித்துவிடுங்கள். வடிக்காவிட்டால் வெள்ளைக்கரு கட்டியாக நின்று தாள் கிழியும். ஒட்டாத தட்டையான தாச்சியில் எண்ணெயைத் துணியால் தொட்டுத் துடைத்தாற்போலப் பூசி, மிகச் சிறிய நெருப்பில் 3 மேசைக்கரண்டி கலவை ஊற்றிச் சுழற்றுங்கள். மூடி ஒரு நிமிடம். திருப்பவேண்டாம். நாலு தாள் வரும். ஆறியபின் ஒன்றாகச் சுருட்டி ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டி உதறினால் நாடா.

நெருப்புக் கூடினால் குமிழி வந்து ஓட்டை விழும், ஓரம் சிவக்கும், பிறகு அது ஒம்லெட்தான். குழம்பை இறக்கிய பிறகே நாடாவைச் சேர்க்கவேண்டும், கொதிக்கும் குழம்பில் போட்டால் றபர் ஆகும். மூன்று முட்டையில் 18 கிராம் அளவு புரதம் இருப்பதால் இதற்கு மீனோ இறைச்சியோ கட்டாயமில்லை.

உழுந்து இழை

கையில் எடுத்தால் மாப்பண்டம் என்ற நினைப்பு வரவேண்டும் என்பவர்களுக்கு உழுந்து. இதை மாச்சத்தே இல்லாதது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உழுந்து 100 கிராமில் 60 கிராமுக்குக் கிட்ட காபோவைதரேற்று இருக்கிறது, 25 கிராம் புரதமும் இருக்கிறது. ஆனால் 100 கிராம் மாவில் மூவருக்குச் செய்யலாம். ஆளுக்கு 20 கிராம் விழும், பாஸ்ராத் தட்டில் மூன்றில் ஒரு பங்கு.

100 கிராம் வெள்ளை உழுந்து மாவைச் சிறு நெருப்பில் 3 நிமிடம் சூடுகாட்டுங்கள். பச்சை மணம் போனால் போதும். சிவக்க வறுத்தால் உழுந்தின் பசைத்தன்மை போய் இழை உடையும். ஆறியதும் ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மட்ட மேசைக்கரண்டி இசப்கோல் உமி சேருங்கள். இசப்கோல் மருந்துக் கடைகளில் மலச்சிக்கலுக்கு விற்பது, மாவை இழுத்துப் பிடிக்கும் வேலையை இங்கே அது செய்கிறது. சுடுதண்ணீரை மேசைக்கரண்டி மேசைக்கரண்டியாக விட்டுக் குழையுங்கள், 3 முதல் 4 கரண்டி பிடிக்கும். முதலில் மா இளக்கமாகத் தெரியும். உடனே மா சேர்க்கவேண்டாம். 15 நிமிடம் மூடிவைத்தால் இசப்கோல் தண்ணீரைக் குடித்து மா இறுகும்.

இடியப்ப உரலில் சின்னக் கண் அச்சு வேண்டாம், கை நோகும். முறுக்குக்குப் போடும் பெரிய கண் அச்சைப் போட்டு, எண்ணெய் பூசிய இடியப்பத் தட்டில் மெல்லிய படையாகப் பிழியுங்கள். ஆவியில் 10 நிமிடம். சூட்டோடு பிரித்தால் ஒட்டி முறியும், கைச்சூட்டுக்கு ஆறியபின் விரலால் பிரியுங்கள். கொதிதண்ணீரில் நேரடியாகப் பிழிந்தால் முதல்தரம் செய்கிறவருக்குப் பாதி கரைந்துவிடும், ஆவிதான் நம்பிக்கை. இசப்கோல் சேர்ந்த சாப்பாட்டோடு தண்ணீர் நிறையக் குடியுங்கள், மருந்துக் குளிசையை அதே நேரத்தில் எடுக்காமல் இரண்டு மணித்தியாலம் தள்ளி எடுங்கள்.

குழம்பு

குழம்பு தடித்திருக்கவேண்டும். கோதுமைமாவோ சோளமாவோ கரைத்துத் தடிப்பாக்கினால் செய்த வேலையெல்லாம் வீண். வற்றவைத்தும் அரைத்துவிட்டும்தான் தடிப்பாக்கவேண்டும்.

தக்காளி வகைக்கு, இருவருக்கு 300 கிராம் தக்காளி, 10 சின்ன வெங்காயம், 6 பல் உள்ளி, இடித்த செத்தல் மிளகாய் ஒரு தேக்கரண்டி, கால் தேக்கரண்டி பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. வெங்காயமும் உள்ளியும் வதங்கியபின் தக்காளியைப் போட்டு, அகப்பையால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும்வரை வற்றவிடுங்கள். 15 நிமிடம் எடுக்கும். இறக்கமுன் ஒரு பிடி முருங்கையிலை. இதற்கு நந்திக்கடல் இறால் கிடைத்தால் வேறு எதுவும் தேடவேண்டாம். குளத்துத் திலாப்பியாவை முள்ளெடுத்து உதிர்த்துப் போட்டாலும் நன்று, ரின்மீனானால் எண்ணெயை வடித்துவிட்டுப் போடுங்கள். போத்தலில் வரும் தக்காளி சோஸ் விடவேண்டாம், அதில் தக்காளியோடு சீனியும் தாராளமாக இருக்கிறது.

கச்சான் குழம்பு முல்லைத்தீவுப் பக்கத்துக்கு இயல்பானது. தோல் போக வறுத்த கச்சான் 50 கிராமை விழுதாக அரைத்து, 150 மில்லிலீற்றர் தேங்காய் முதற்பாலில் கரைத்து, வதக்கிய வெங்காயம், உள்ளி, மிளகுத்தூளோடு சிறு நெருப்பில் 5 நிமிடம் வையுங்கள். கச்சானே தடிப்பைத் தரும். தேசிக்காய்ப் புளியை அடுப்பால் இறக்கிய பின் விடுங்கள், கொதிக்கும்போது விட்டால் பால் திரையும். பப்பாசிப் பட்டைக்கு இதுதான் எங்கள் முதல் தெரிவு. அவசரத்துக்குப் பொரித்த கருவாடும் முட்டையும் கோவாவும் சேர்த்துப் பிரட்டினாலே இரவுச் சாப்பாடு முடிந்தது.

குழம்பும் பட்டையும் தாச்சியில் ஒரு நிமிடம் மட்டும் சேர்ந்திருக்கட்டும். தட்டில் போட்டதும் சாப்பிடவேண்டும், கால் மணித்தியாலம் கிடந்தால் தண்ணீர் ஊறும்.

பசி, அளவு, மிச்சம்

மரக்கறிப் பட்டை வயிற்றை நிரப்பும், உடம்புக்குச் சக்தி அதிகம் தராது. வயலில் இறங்கி வேலைசெய்கிறவர் பப்பாசிப் பட்டையை மட்டும் சாப்பிட்டுப் போனால் இரண்டு மணித்தியாலத்தில் பசிக்கும், பிறகு பாணைத் தேடுவார். ஆளுக்கு 2 முட்டையோ 100 கிராம் மீனோ கட்டாயம் சேருங்கள். சுவையூட்டிய சோயாமீற் பொதி வாங்கினால் கூட வரும் தூள்ப் பக்கெற்றைப் போடவேண்டாம், உப்பு அதில்தான் அதிகம்.

குளுக்கோமீற்றர் வைத்திருப்பவர் சாப்பிடத் தொடங்கி 2 மணித்தியாலத்தில் ஒருமுறை பாருங்கள். வழமையான பாஸ்ரா சாப்பிட்ட நாளையும் உழுந்து இழை சாப்பிட்ட நாளையும் பக்கத்தில் எழுதி வைத்தால் எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று தெரியும். சீனி வருத்தம் உள்ள வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நேரத்தில் 180க்குக் கீழே இருப்பது இலக்கு. உங்கள் கிளினிக் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.

அவித்து உலர்த்திய பப்பாசிப் பட்டை மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் 3 நாள் இருக்கும், முட்டைத் தாள் 2 நாள். உறையும் தட்டில் வைக்கவேண்டாம், பனிக்கட்டி காயின் கலங்களைக் கிழித்துவிடுவதால் உருகும்போது சொதசொதத்துப்போகும். உழுந்து இழை மட்டும் உறையவைக்கலாம், திரும்ப ஆவியில் 5 நிமிடம் வைத்தால் பழைய பதம் வரும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் காயைக் காலையிலேயே சீவிவைக்காமல் சமைக்கும் நேரத்திலேயே சீவுங்கள். மிச்சக் காயை வெட்டிய பக்கம் வாழையிலை சுற்றி நிழலில் வைத்தால் அடுத்த நாள் கறிக்கு உதவும்.